மந்தைக்கு வந்த கனவுகள்

அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு நாளன்று மேலூர் வட்டாரத்துக் கிராமத் தெருவில் முதலில் கேட்பது கொட்டுச் சத்தம். பிறகு தலைகளுக்கு மேலே வெள்ளைக் குதிரைகள் தெரியும். சுண்ணாம்பு பூசி, கழுத்திலும் முதுகிலும் காவியும் நீலமும் மஞ்சளும் தீட்டி, புதுத் துண்டும் மாலையும் கட்டிய மண்குதிரைகள். கம்புகளில் வைத்துக் கட்டி ஆட்கள் அவற்றைத் தோளில் தூக்கி வருவார்கள். பின்னால் பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் கையிலும் தலையிலும் சின்னச் சின்ன உருவங்கள்: மதலை என்னும் குழந்தைப் பொம்மை, காளை, பசு, நாகம், தனியாக ஒரு கை, தனியாக ஒரு கால்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒவ்வோர் உருவத்தையும் நிறுத்திக் கேட்பார்கள். யார் வீட்டுது, எதுக்கு நேர்ந்தது, எந்த வருசத்து நேர்த்தி? பதிலும் சத்தமாகவே வரும். பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்தது, மாட்டுக்குக் காணை கண்டு பிழைத்தது, கிணற்றில் விழுந்தவன் எழுந்து நடந்தது, ராத்திரி கனவில் சாமி வந்து ‘எனக்கு எங்கே குதிரை’ என்று கேட்டது. ஊர்ப் பொதுவிடமான மந்தையை அடைவதற்குள் அந்த ஆண்டு ஊரில் யார் எதற்குப் பயந்தார்கள், யார் எதை ஆசைப்பட்டார்கள் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

சென்னையிலும் கொச்சியிலும் தில்லியிலும் நடக்கும் இன்றைய கலைக் கண்காட்சிகள் கனவு, அன்றாட வாழ்க்கை, மனித நடத்தை என்ற மூன்றையும் விடாமல் தொடுகின்றன. நிறுவுகலை, ஒளிப்படம், காணொளி என்று வடிவங்கள் புதியவை. ஆனால் ஒருவருடைய கனவை உருவமாக்கிப் பலர் பார்க்கும்படி வெளியில் வைப்பது மேலூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. அதற்கென்று இங்கே ஒரு தொழில் இருந்தது, ஒரு நாள் குறிக்கப்பட்டது, ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த வழக்கத்தின் கதையைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் கலைக் காட்சியின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறாகவே நிற்கும்.

மேலூர் மதுரைக்கு வடகிழக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. வயலும் கண்மாயும் பரந்த சமவெளியில் திடீர் திடீரென்று பாறைக் குன்றுகள் எழும். கருங்காலக்குடி, கீழவளவு, அரிட்டாபட்டி, மாங்குளம், திருவாதவூர் எனக் குன்றுள்ள ஊர்களில் எல்லாம் மனிதர்கள் கல்லில் எதையாவது விட்டுப்போயிருக்கிறார்கள். கருங்காலக்குடிக் குன்றில் வெண்ணிறத்தில் தீட்டிய பாறை ஓவியங்கள் உண்டு. மேற்கே அழகர்மலையில், கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தில் காவி ஓவியங்கள் உண்டு. மாங்குளத்தில் 1882-ல் ராபர்ட் சீவெல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கணிக்கப்படுகின்றன. அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது, வெள்ளறை வணிகர் குழு வருகிறது.

கிடாரிப்பட்டிக் கல்வெட்டுகள் இன்னும் நெருக்கமானவை. சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயரோடு தொழிலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பொன் கொல்லன், உப்பு விற்றவன், வெல்லப்பாகு விற்றவன், கொழு விற்றவன், துணி விற்றவன். ஒரு பழைய சந்தையே பாறையில் வரிசையாக நிற்கிறது. கொடுத்தவன் பெயரை எழுதி வைக்கும் பழக்கம் இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

மலையில் எழுதியது நின்றது. சமவெளியில் மண்ணால் செய்தது கரைந்தது. கரைவதற்காகவே செய்யப்பட்டது என்றும் சொல்லலாம். அய்யனார் கோயில்களில் பழைய புரவிகளை யாரும் பழுது பார்ப்பதில்லை. காது உடைந்து, கால் மடிந்து, மழையில் நனைந்து, புல் முளைத்துக் கிடக்கும். அடுத்த எடுப்புக்குப் புதியவை வந்து அவற்றின் முன்னால் நிற்கும். அய்யனார் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில் இருப்பவர். இரவில் குதிரை ஏறி எல்லையைச் சுற்றிவருகிறவர். ஆகவே அவருக்குக் குதிரை தேய்ந்துகொண்டே இருக்கும், புதிது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வழிபாட்டின் கணக்கு.

வேலை ‘பிடிமண்’ணில் தொடங்குகிறது. திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, ஊர்ப் பெரியவர்களும் அம்பலகாரர்களும் கூடி ஒரு பிடி மண்ணை எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். வெற்றிலை பாக்கும் முன்பணமும் சேர்ந்து வரும். மண்ணை வாங்கிக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்தது. அதன்பின் அந்த வேளார் விரதம் இருந்து வேலை செய்வார். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் மண்பாண்டம் வனையும் வேளார்கள் பல அய்யனார் கோயில்களில் பூசாரிகளும் ஆவர். உருவத்தைச் செய்கிறவரும் அதற்குப் பூசை போடுகிறவரும் ஒருவரே என்பது இந்தத் தொழிலின் தனித்தன்மை.

கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதிப்பார்கள். குதிரையின் கால்கள் உள்ளே கூடான உருளைகளாக முதலில் எழும். அவை சற்றுக் காய்ந்து சுமை தாங்கும் பதம் வந்ததும் வயிறு, முதுகு, கழுத்து என மண்ணை அடுக்கிக்கொண்டே போவார்கள். உள்ளே ஒரு கையால் தாங்கி, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரைக் கெட்டிப்படுத்துவார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் கால் சரிந்துவிடும். ஆகவே பல குதிரைகளை ஒரே நேரத்தில் தொடங்கி, ஒன்று காயும்போது இன்னொன்றை வளர்ப்பார்கள். சூளையில் உள்ளே அடைபட்ட நீராவி வெடிக்காமலிருக்க உடம்பில் துளை விடுவார்கள். வைக்கோலும் எருவும் விறகும் வைத்துச் சுட்டு எடுத்து, ஆறியபின் வெள்ளை அடித்து வண்ணம் தீட்டுவார்கள்.

கடைசியில் கண் திறப்பு. அதுவரை அது மண் பொம்மை. கருவிழி வைத்ததும் புரவி. அந்தக் கணத்தில் கூட்டத்தில் சிலருக்குச் சாமி வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று பேருக்கு இடம் இருப்பதைப் பார்க்கலாம். கனவு கண்டவர் ஒருவர். அந்தக் கனவு என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் கோடாங்கியிடமோ சாமியாடியிடமோ போய்க் குறி கேட்பார். உருவம் செய்கிறவர் இரண்டாமவர். பார்த்துச் சாட்சி சொல்கிற ஊர் மூன்றாவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நேர்த்தி முடியாது. கனவு கண்டதைச் சொல்லாமல் மறைத்துவைக்கக் கூடாது, நிறைவேற்றுவதையும் தனியாகச் செய்யக் கூடாது. நடுவீட்டில் வந்த கனவு நடுத்தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும்.

கனவு வந்து கட்டளை இட்டது என்ற பேச்சு குடிசைகளோடு நிற்கவில்லை. திருச்சியில் இருந்த தலைநகரைத் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றியதற்கும் ஒரு கனவைத்தான் காரணமாகச் சொல்கிறது மரபுக் கதை. நெடுநாள் சளி நோயால் வருந்திய நாயக்கருக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் தோன்றி, மதுரைக்கு வந்து தங்கினால் நோய் தீரும் என்றார்களாம். புதுமண்டபமும் தெப்பக்குளமும் அந்த நேர்த்தியின் தொடர்ச்சி என்று மதுரைக்காரர்கள் நினைத்தால் அதில் ஒரு முறை இருக்கிறது. பிள்ளைக்காக மதலைப் பொம்மை எடுத்த தாயும் உடம்புக்காக ஊரையே மாற்றிய அரசரும் ஒரே இலக்கணத்தில் பேசுகிறார்கள்.

கனவுக்கு அடுத்து அன்றாடம். நேர்த்திக்கடன் உருவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேளாண் வட்டாரத்தின் கவலைப் பட்டியல் கிடைக்கும். ஏர் மாடு இருந்த காலத்தில் காளை உருவங்கள் அதிகம். பாம்புக்கடிக்குப் பயந்த வயல்வேலைக்காரர்கள் நாகம் வைத்தார்கள். பிள்ளைப்பேறு எந்தக் காலத்திலும் குறையாத வேண்டுதல். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கு மலைத் தண்ணீர் கால்வாய் வழியாக மேலூர்ப் பக்கம் வந்தது. அதற்கு முன்பு வானத்தையும் கண்மாயையும் நம்பியிருந்த ஊர்கள் பல நெல்வயலுக்கு மாறின. கடைமடை ஊர்களில் தண்ணீர் வந்து சேருமா என்ற கவலை இன்றும் மாறவில்லை.

வெளியுலகம் மாறியதும் உருவங்களில் பதிந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில்களில் அய்யனாரின் பரிவாரத்தில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும் தொப்பி வைத்த காவலர்களும் நிற்பதைக் காணலாம். அதிகாரம் என்றால் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்கள் நேரில் கண்டதை வேளார்கள் மண்ணில் வடித்தார்கள். காவல் தெய்வத்துக்குக் காவலர் உடை போட்டது அந்தந்தக் காலத்துச் சமகாலக் கலைதான்.

மூன்றாவது, மனித நடத்தை. இதற்கு மேலூரை ஒட்டிய வெள்ளலூர் நாட்டைப் பார்க்க வேண்டும். அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்த நாடு அது. புரட்டாசியில் ஏழைகாத்த அம்மனுக்குத் திருவிழா. ஏழு சிறுமிகள் அம்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, விழா முடியும்வரை தெய்வமாகவே நடத்தப்படுகிறார்கள். பெண்கள் மதுக் கலயம் சுமந்து வருகிறார்கள், மதலைப் பொம்மை எடுத்தவர்களும் வருகிறார்கள். ஆண்களில் நேர்ந்துகொண்டவர்கள் வைக்கோலைப் பிரியாகத் திரித்து, தலையிலிருந்து கால்வரை உடம்பில் சுற்றிக்கொண்டு, முகமூடி மாட்டி நடக்கிறார்கள். யார் எவர் என்று தெரியாது. அன்றாடம் சாதி, வயது, முறை, மரியாதை பார்த்து நடக்கிற ஊரில் ஒரு நாள் ஓர் ஆள் அடையாளம் இல்லாத வைக்கோல் உருவமாகிறார். குழந்தை ஒருத்தி பெரியவர்கள் காலில் விழும் தெய்வமாகிறாள்.

இன்றைய நிகழ்த்துகலைஞர்கள் தங்கள் உடம்பையே பொருளாக்கிப் பார்வையாளர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சோதிப்பதைப் பெரிய கண்காட்சிகளில் காண்கிறோம். வெள்ளலூரில் அந்தச் சோதனையை ஒரு நாடே சேர்ந்து செய்கிறது. செய்கிறவர், பார்க்கிறவர் என்ற பிரிவும் அங்கே நிலையாக இல்லை. இந்த வருடம் வைக்கோல் சுற்றியவர் அடுத்த வருடம் ஓரத்தில் நின்று பார்க்கலாம்.

அழகர்கோயிலில் இதே போக்கு வேறு வடிவில் தெரியும். சித்திரையில் அழகர் மதுரைக்கு இறங்கும்போது, நேர்ந்துகொண்டவர்கள் கருப்பசாமி வேடம் கட்டி, தோப்பறையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சியடித்து, திரி எடுத்து ஆடிவருவார்கள். கோயில் வாசலில் கதவையே உருவமாகக் கொண்ட பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன் சத்தியம் செய்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்ட ஊர்கள் பல. இந்த அடியார்களின் வேடத்தையும் வழக்கத்தையும் தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காக ஆராய்ந்து எழுதிய ‘அழகர் கோயில்’ நூல் 1989-ல் வெளிவந்தது. கோயிலை அரசர் கட்டிய கட்டடமாக மட்டும் பார்க்காமல், அங்கே வந்து போகும் மக்களின் நடத்தையிலிருந்து படித்த நூல் அது.

மண் உருவங்களுக்கும் அப்படி ஓர் ஆய்வாளர் கிடைத்தார். பிரித்தானியர் காலத்தில் ஜே. எச். நெல்சன் 1868-ல் மதுரை நாட்டைப் பற்றிப் பெரும் நூல் எழுதினார். பேராயர் ஹென்றி வொயிட்ஹெட் 1916-ல் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி எழுதினார். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்து, அய்யனாரைப் பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். இவர்கள் தெய்வத்தைப் பார்த்தார்கள், சடங்கைப் பார்த்தார்கள், சாதி அமைப்பைப் பார்த்தார்கள். உருவத்தைச் செய்த கையை உட்கார்ந்து பார்த்தவர் கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ். மதுரை வேளார்களின் கலையைப் பற்றிய அவருடைய நூலை 1980-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. செய்வதும் பிரதிட்டை செய்வதும் வேளாருக்கு ஒரே தொழிலின் இரு பகுதிகள் என்பதை அவர் விரிவாகக் காட்டினார்.

சென்னையில் இதற்குள் இன்னொரு வகைக் காட்சி வேரூன்றியிருந்தது. 1850-ல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. 1855-ல் சென்னையில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே கைவினைப் பொருள்கள் மூலப்பொருள்களோடும் உற்பத்திப் பொருள்களோடும் சேர்ந்து வைக்கப்பட்டன. பானை பானையாகவே பார்க்கப்பட்டது. எந்த வீட்டில், எந்த நாளில், எதற்காக அது வனையப்பட்டது என்ற பேச்சுக்கு அந்த முறையில் இடமில்லை. கலை வேறு, கைவினை வேறு என்ற கோடு அப்படித்தான் நம் கண்ணில் பதிந்தது.

அந்தக் கோட்டை அழிக்க முயன்றவர்களில் கே.சி.எஸ். பணிக்கர் முக்கியமானவர். 1957 முதல் 1967 வரை அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியர்கள் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு ஓவியம் தீட்டினார்கள். கைவினை அவர்களுக்குச் சோறு போட்டது, கண்ணையும் மாற்றியது. பி.வி. ஜானகிராம் கோயில் விக்கிரகங்களுக்குப் போடும் உலோகக் கவசத்திலிருந்து தன் தகட்டுச் சிற்ப மொழியை எடுத்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் முன்னால் நின்று பார்ப்பதற்கென்றே அமைந்தவை, கிராமக் கோயிலில் தெய்வத்தை நேருக்கு நேர் பார்ப்பதைப் போல.

அதே சோழமண்டலத்தில் கனவை மட்டுமே வரைந்த ஓர் ஓவியர் இருந்தார். கே. ராமானுஜம். 1940-ல் பிறந்தவர், பேசச் சிரமப்பட்டவர், உலகத்தோடு ஒட்டி வாழ முடியாமல் தவித்தவர். பணிக்கர்தான் அவரைக் கண்டுகொண்டு தாங்கினார். மையாலும் நீர்வண்ணத்தாலும் ராமானுஜம் வரைந்த நகரங்களில் கோபுரங்களும் மாளிகைகளும் பின்னிக் கிடக்கும். விசித்திர விலங்குகளும் பறவைகளும் நாகங்களும் திரியும். நடுவில் தொப்பி போட்ட ஓர் ஆள் இருப்பார். அது அவரே. விழித்திருக்கும்போது கிடைக்காத மதிப்பும் துணையும் அந்த நகரங்களில் அவருக்குக் கிடைத்தன. 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, சோழமண்டலத்தில் தன் வாழ்வை முடித்துக்கொண்டார். இன்று அவருடைய ஓவியங்கள் இந்திய நவீன ஓவியத்தின் பெரிய தொகுப்புகளில் இருக்கின்றன.

ராமானுஜத்தையும் மேலூர்ப் பக்கத்தில் மதலை எடுத்த பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு மனத்தை அழுத்துகிறது. அந்தப் பெண்ணின் கனவுக்கு வேளார் இருந்தார், கோடாங்கி இருந்தார், கேள்வி கேட்கத் திண்ணைக் கிழவிகள் இருந்தார்கள். ராமானுஜம் கனவு கண்டவரும் தானே, வனைந்தவரும் தானே. பார்க்க வந்தவர்கள் சிலர். நவீன ஓவியன் தன் கனவைத் தனியாகச் சுமக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலும் கதை இதுவே. ஃபிராய்டின் கனவு ஆய்வு நூல் 1899-ன் முடிவில் வெளிவந்தது. 1924-ல் ஆந்திரே பிரெத்தோன் மீயதார்த்த அறிக்கையை வெளியிட்டார். 1936-ல் லண்டனில் நடந்த அனைத்துலக மீயதார்த்தக் கண்காட்சியில் சல்வடோர் டாலி ஆழ்கடல் முக்குளிப்பவரின் உடையோடு சொற்பொழிவாற்ற வந்து, மூச்சுத் திணறி, தலைக்கவசத்தைக் கழற்றப் பிறர் உதவ வேண்டியதாயிற்று. மனத்தின் ஆழத்துக்குப் போகிறேன் என்று காட்ட அவர் தேர்ந்த உடை அது. கனவு அங்கே தனிமனித மனத்தின் அடியாழமாக இருந்தது. மேலூரில் அது ஊருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தியாக இருந்தது.

இந்தியாவில் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரத் துணிந்தவர் ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன். சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். போபாலில் 1982-ல் திறக்கப்பட்ட பாரத் பவனில், நகரத்து நவீன ஓவியர்களின் படைப்புகளையும் பழங்குடி, நாட்டார் கலைஞர்களின் படைப்புகளையும் சமமாக வைத்தார். ஒரே காலத்தில் வாழ்ந்து ஒரே காலத்தில் படைக்கிறவர்கள் எல்லோரும் சமகாலக் கலைஞர்களே என்பது அவருடைய நிலை. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு இளைஞர் ஜங்கட் சிங் ஷியாம் அப்படித்தான் உலகம் அறிந்த ஓவியரானார். 1998-ல் தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஜோதீந்திர ஜெயின் ‘மற்ற மேதைகள்’ என்ற பொருளில் ஐந்து கலைஞர்களின் காட்சியை வைத்தபோது மணிப்பூர்க் குயவர் நீலமணி தேவி அதில் தன் பெயரோடு நின்றார். 2020-ல் புதுச்சேரி வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அய்யனார் குதிரைகளும் பயணம் போயின. தில்லி கைவினை அருங்காட்சியகத்தின் முற்றத்தில் அவை நிற்கின்றன. சென்னை முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவிலும் அய்யனார் கோயில் அமைப்பு உண்டு. கிராமத்துக்குப் போகாதவர்களும் வேளார் கையின் வலிமையைக் காண இவை வழிசெய்தன. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் முற்றத்தில் நிற்கும் குதிரைக்கு நேர்ந்தவர் இல்லை, கனவு இல்லை. மூன்று பேரில் ஒருவர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறார்.

உருவத்தை அதன் இடத்திலிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதை மேலூர்ச் சீமை 1755-லேயே பார்த்திருக்கிறது. ஆங்கிலேயப் படைத் தலைவர் கர்னல் ஹெரான் திருமோகூரை ஒட்டிய கோவில்குடியில் புகுந்து கோயில் விக்கிரகங்களை எடுத்துக்கொண்டு போனார். 5,000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினார். பணம் வரவில்லை. படை நத்தம் கணவாய் வழியாகத் திரும்பும்போது கள்ளர்கள் சூழ்ந்து தாக்கினார்கள், விக்கிரகங்களை மீட்டார்கள். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை எழுதிவைத்திருக்கிறார். தாக்கியவர்கள் ‘சாமி, சாமி’ என்று கூவிக்கொண்டு வந்ததாக அவர் குறிக்கிறார். ஹெரானின் கணக்கில் அது விலை பேசும் உலோகம். வந்தவர்களுக்கு அது தங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டிய உறவு.

இன்றைய காட்சிக் கலையில் அந்த உறவைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறார்கள். 1936-ல் மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ், பார்வையைச் சிறுகச் சிறுகப் பறித்த விழித்திரை நோயோடு, வைகைக் கரையையும் தெருக்களையும் யானைமலையையும் நுணுக்கமான கோட்டோவியங்களாக வரைந்தார். 2022-ல் மறைந்தார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பி, தன் குடும்பத்தையும் தலித் வீட்டின் அன்றாடத்தையும் படமெடுத்த தொடர் உலகக் கவனம் பெற்றது. மதுரை மாவட்டத்தின் எம். பழனி குமார் தூய்மைப் பணியாளர்களையும் உழைக்கும் பெண்களையும் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைக்கும்போது, படத்தில் இருப்பவரின் பெயரும் கதையும் கூடவே வருகின்றன. பார்க்கப்படுகிறவருக்கும் பேச்சில் பங்கு வேண்டும் என்ற அறம் இவர்கள் வேலையில் இருக்கிறது.

அன்றாடப் பொருளைப் பார்க்க மக்கள் வருவார்களா என்ற ஐயத்துக்கு 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் பதில் சொல்லிவிட்டது. பெரிய சிலைகளோ கிரீடங்களோ அங்கே இல்லை. தக்களி, சீப்பு, பகடைக்காய், சில்லு, பானை ஓடு. அதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கீழடிப் பானை ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற ஆள் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. பானையில் பெயர் எழுதிய சமூகம் அது. பாறையில் உப்பு வணிகன் பெயரை வெட்டிய சமூகமும் அதுவே. அந்த மரபில் வந்த நாம் அருங்காட்சியகத்துப் புரவிக்கு அடியில் ‘சுடுமண், தமிழ்நாடு’ என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

வேளார்களுக்கு இப்போது நெருக்கடி வேறு பக்கங்களிலிருந்தும் வருகிறது. பல அய்யனார் கோயில்களில் சிமென்ட் குதிரைகள் நிரந்தரமாக எழுந்துவிட்டன. கரையாத குதிரைக்கு அடுத்த குதிரை தேவையில்லை, பிடிமண்ணும் தேவையில்லை. கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்குவது நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. நீர்நிலைகளில் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாட்டை விவசாயிகளோடு மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு 2024-ல் எளிதாக்கியது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் கொலு பொம்மைத் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிலைக் காக்கும் வழிகள் இவை.

வழக்கத்தைக் காக்க இன்னொன்று வேண்டும். மேலூரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்துதான் பிள்ளைகள் அங்கே படிக்க வருகிறார்கள். புரவி எடுப்புக்குச் செல்லும் ஒவ்வோர் உருவத்துக்கும் நேர்ந்தவர் சொன்னது, கண்ட கனவு, செய்த வேளார் பெயர் மூன்றையும், அவர்கள் சம்மதத்தோடு, அந்த மாணவர்களே அவரவர் ஊரில் பதிந்துவைக்கலாம். உருவம் கோயிலில் கரையட்டும், அது அதன் விதி. பதிவு மேலூரில் இருக்கட்டும். பிறகு எந்த நகரத்து அரங்கமாவது ஒரு புரவியை வரவழைக்க விரும்பினால், அந்த மூன்று வரிகளோடுதான் அது போக வேண்டும் என்று ஊர் கேட்கலாம். இந்த வேலையைப் பிடிமண் கொடுக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். அதையொட்டித்தான் நேர்ந்தவர்கள் வேளார் வாசலில் நின்று, தங்களுக்கு எந்த உருவம் வேண்டும், ஏன் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள்.